தேங்காயெண்ணெய் பூசிய துவக்கு

யூன் மாதம் பிறந்தால் எங்கள் வீடு ஒரு மணத்தோடுதான் விடியும். ஹீற்றரின் வாயடியில் நிறுத்திவைத்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் மெல்ல மெல்ல இளகும் மணம். முதலில் ஓரங்கள் தெளியும். நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மிதக்கும். பிறகு அந்தத் தீவும் தன்னை மறந்து கரைந்து போகும். டார்னெய்ட்டில் எங்கள் தெருவிலுள்ள தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே மணம் எழும். மெல்பேர்ன் குளிருக்குத் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் 'பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாராவது எனக்காக இரங்கிவிடக்கூடும்.

நான் ஒரு இடத்தில் நில்லாதவள். அடுப்பில் பருப்பு, மேசையில் பாதி எழுதிய தாள், வாசலில் தண்ணீர் ஊற்ற மறந்த பூச்சாடி என்று, நான் தொடங்கிய காரியங்கள் வீடு முழுக்க வாயைத் திறந்தபடி கிடக்கும். வேலை முதியோர் இல்லத்தில். மிச்ச நேரத்தில் எழுதுவேன். (கவிதைக்காரர் அதை வசனம் என்பார்கள், வசனக்காரர் கவிதை என்பார்கள். பிரசுரிக்காமல் விடுவதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை.)

வேலையிடத்தில் ஜேன் என்று ஒருத்தி. கிப்ஸ்லாந்து மலைக்காடுகளுக்கு மரைமான் வேட்டைக்குப் போகிறவள். "சும்மா நடக்க வா" என்று ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில், ஒரு மரத்தடியில் என்னை நிறுத்தி, அசையாதே என்று சொல்லிவிட்டு அவள் மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனாள். ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். நான், ஒரே இடத்தில், ஒன்றரை மணித்தியாலம்! மரப்பட்டையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் எனக்குள்ளே எங்கேயோ, இவ்வளவு காலமும் ஒருவரும் வாளி வைக்காத ஓர் இடத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினேன். தொடங்கியதை முடித்தேன்.

அடுத்த வருடமே வகுப்பு, சோதனை, பொலிஸ் பத்திரம் எல்லாம் தாண்டி வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தேன். ஒருவர் பாவித்த துவக்கு ஒன்றும் வாங்கினேன். மலை ஏறுகிறவர்களுக்கென்று செய்த, பாரமில்லாத துவக்கு. வயோதிபர்களைத் தூக்கித் தூக்கி என் வலத்தோள் பாதி போயிருந்தது. அதனால்தான் பாரமில்லாதது.

மூன்று வருடத்தில் அந்தத் துவக்கால் நான் சுட்டவை, கிளப்பில் தொங்கவிட்ட காகித வட்டங்கள் மட்டும். "உம்மாலை மரையளுக்கு ஆயுள் கெட்டி" என்பார் என் மனிசன்.

அவர் யோகன். தொழில் மொழிபெயர்ப்பு. அகதி விண்ணப்ப விசாரணைகளில், ஆஸ்பத்திரிகளில், எங்கள் சனத்தின் வாயிலிருந்து வருவதை ஆங்கிலத்தில் சொல்லுகிறவர். நாள் முழுக்க மற்றவர்களின் துயரத்தை 'நான்' என்று தன்மையில் சொல்லிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் தன்னுடையதைப் பற்றிக் கதைக்க மாட்டார். வன்னியில் இளந்தாரியாக இருந்தவர். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கிண்டியதுமில்லை. புத்தாண்டு வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பார். துவக்கு இருக்கும் இரும்புப் பெட்டி கராஜில். நான் அதன் திறப்பை எடுத்தால் அவருக்குத் திடீரென்று பால் வாங்கக் கடைக்குப் போகவேண்டி வரும். (எங்கள் பிரிட்ஜில் எப்போதும் மூன்று போத்தல் பால் இருந்ததன் இரகசியம் இதுதான்.)

ஒரு ஞாயிறு பின்னேரம் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

"பவா, எத்தினை நாளைக்கப்பா நான் பால் வாங்கிறது?"

நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒருக்கா நானும் உம்மோட காட்டுக்கு வாறன். ஒரு வெடிச்சத்தம். பக்கத்திலை நிண்டு கேக்கிறன். என்னாலை தாங்க ஏலுமெண்டால் துவக்கு இருக்கட்டும். ஏலாட்டில் அதை வித்துப்போடும். சரியே?"

துவக்கு போனால் அந்த மரத்தடி போகும். மரத்தடி போனால் அந்தச் சொட்டுச் சத்தம் போகும். பிறகு நான் பழையபடி அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் பறக்கிற ஈ. ஆனால் கேட்டது யோகன். அதுவும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஓம்" என்றேன்.

மகள் தாரணி கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "வர்ஸ்ட் டேற் எவர்" என்றாள்.

அவர் காதில் விழப்போவது ஒரேயொரு வெடி. அது குறிதவறி வீணாகக்கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. துவக்கை மேம்படுத்த முடிவுசெய்தேன். செலவு, பெண்பிள்ளைகளின் இரண்டு சாமத்தியவீட்டுக்குக் கடிதவுறையில் வைத்துக் கொடுக்கிற காசு. அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று நானே எனக்குச் சட்டம் போட்டேன்.

பாரமில்லாத துவக்குக்கு ஒரு குணம் உண்டு. ஏறும்போது மிச்சம்பிடித்த பாரத்தையெல்லாம் வெடிக்கும்போது ஒரே உதையில் தோளில் இறக்கிவிடும். அதற்கு ரப்பர் மெத்தை விற்கிறார்கள். ஆனால் நான் யாழ்ப்பாணத்தாள். யோகாப் பாய் ஒன்று கட்டிலுக்குக் கீழே ஐந்து வருடமாகச் சுருண்டு கிடக்கும்போது மெத்தைக்குக் காசு கொடுப்பேனா? பாயை நாலு மடிப்பாக வெட்டித் துவக்கின் பின்முனையில், தோளோடு முட்டுகிற பிடங்கில் வைத்து, மேலே ஒரு துணியுறை தைத்தேன். துணி, பழைய பட்டுச்சேலை ஒன்றின் அரக்குக் கரை. (சரிகை வெளியே வரும்படி தைத்தேன். அழகுக்கு.) தோள்வாருக்குக் கைப்பையிலிருந்து கழற்றிய பட்டி. குறிபார்க்கிற ஸ்கோப்பில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை; ஜேனுக்குத் தெரிந்த ஒருவரிடம் அவர் பாவித்ததை வாங்கியதில் இரண்டு சாமத்தியவீடும் முடிந்துபோயின.

கிளப்பில் போய்ச் சுட்டுப் பார்த்தேன். இளவெயில் நாள். ஐந்து ரவையும் வட்டத்தின் நடுவே, ஒரு அப்பத்தால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன. தோள் நோகவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் சரிகையைத் தடவிப் பார்த்து, "வெரி நைஸ்" என்றார். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், கடைசியாகத் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்தேன். துவக்கு எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கடை நகரத்தின் மற்றத் தொங்கலில். கையிலும் ஒதுக்கிய காசு இல்லை. அப்போதுதான் ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்ற போத்தலைக் கண்டேன். அழகாக இளகி, தங்கம்போல் தளதளவென்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

துவக்கின் பின்பக்கத்தில் தாழ்ப்பாள் மாதிரி முன்னும் பின்னும் ஓடுகிற ஓர் இரும்புத்தண்டு உண்டு. போல்ட் என்பார்கள். அதற்குள்ளே ஓர் ஊசி. விசையை இழுத்தால் அந்த ஊசி பாய்ந்து ரவையின் பின்புறத்தில் குத்தவேண்டும், அப்போதுதான் வெடிக்கும். அதையெல்லாம் கழற்றி, தாரணியின் தலைக்கு வைப்பதுபோல, வேர்க்காலில் படும்படி, தாராளமாக, நீவி நீவி எண்ணெய் வைத்தேன். கிறீச்சிட்ட தோள்வாருக்கும் கொஞ்சம். தண்டை உள்ளே செருகி ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் போல ஓடியது.

ஆம், வெண்ணெய் போல என்றுதான் நினைத்தேன். அந்த உவமையில் கொஞ்சம் தங்கி நின்று யோசித்திருக்கலாம். உவமை எழுதுகிறவளுக்கு உவமை தரும் எச்சரிக்கை விளங்கவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு கபின் எடுத்துத் தங்கினோம். அங்கே ஹீற்றர் வேலை செய்யவில்லை. யோகன் உடுத்த உடுப்போடு, தொப்பியோடு, சப்பாத்தோடு படுத்தார். விடிய எழும்பினால் புல்லெல்லாம் வெள்ளை. நடக்க நடக்கக் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அவர் கையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க். இஞ்சி இடித்துப்போட்ட தேத்தண்ணி. என் தோளில் துவக்கு. பூசிய எண்ணெய் உறைந்ததாலோ என்னவோ தோள்வார் முன்னையிலும் பலமாகக் கீச், கீச் என்றது. எங்கேயோ பற்றைக்குள்ளிருந்து ஒரு பறவை பதிலுக்குக் கீச், கீச் என்றது.

"கேட்டீரே?" என்றார் யோகன் இரகசியக் குரலில். "லயர் பறவை. எதைக் கேட்டாலும் பாடமாக்கிப்போடும். இனி இந்தக் காடு முழுக்க உம்மட கைப்பைச் சத்தம்தான்."

"கதைக்காதேங்கோ."

"இந்த மரையளின்ரை பரம்பரையும் எங்கட பக்கத்திலை இருந்து கப்பல்லை வந்ததெண்டு சொன்னீர், என்ன?"

"ஓமப்பா. இலங்கையிலை இருந்தும் கொண்டுவந்தவையாம். கதைக்காதேங்கோ."

"அதுகளுக்கு விசாரணை நடந்ததாமோ?"

பயத்தில் கதைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மூச்சு வெள்ளை வெள்ளையாகத் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். அப்படியே என் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அரை மணித்தியாலம் இருக்கும். எதிர்ச்சரிவில் சூரியன் ஒரு கோடாக இறங்கியது. அந்தக் கோட்டுக்குள் ஒரு மரை வந்து நின்றது. சத்தமில்லை, கிளை அசையவில்லை. இல்லாமல் இருந்த இடத்தில் இருந்தது. ஈரக் கழுத்து, கறுத்த மயிர், கொம்பில் ஒரு பன்னச்செடித் தண்டு சிக்கியிருந்தது. மூன்று வருடம் நான் காத்திருந்தது, கிளப்பின் காகித வட்டத்தைவிடக் கிட்டத்தில் நின்றது.

யோகனைத் திரும்பிப் பார்த்தேன். தலையாட்டினார். இரண்டு காதையும் உள்ளங்கைகளால் அடைத்தார். கண்ணை இறுக்கி மூடினார். உதடு தேவாரம் சொல்லத் தொடங்கியது.

பிடங்கைத் தோளில் வைத்தேன். குறி பார்த்தேன். மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை இழுத்தேன்.

துவக்கு என்னைப் பார்த்துச் சூள் கொட்டியது.

அவ்வளவுதான். 'ம்ச்' என்று ஒரு சத்தம். மாரிகாலத்து விடியலில் வேலைக்கு எழுப்பப்பட்ட ஆள் போர்வைக்குள்ளிருந்து போடுகிற சத்தம். உறைந்த எண்ணெய்க்குள் ஊசி பாயவில்லை, ஊர்ந்திருக்கிறது.

வெடிக்காவிட்டால் குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும், சில ரவைகள் பிந்தி வெடிக்கும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பிடித்தபடி நின்று எண்ணினேன். மரை என்னைப் பார்த்தது. நான் மரையைப் பார்த்தேன். சரிகைக் கரை வெயிலில் பளபளவென்று மின்னியது. கலியாணவீட்டில் சந்தித்த இரண்டு பேர் மாதிரி நின்றோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது...

நாற்பதில் யோகனுக்குப் பொறுமை போனது. காதை அடைத்திருக்கிறவருக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? மலை எதிரொலிக்கக் கேட்டார்.

"முடிஞ்சுதே பவா?"

மரை திடுக்கிட்டது. மரை திடுக்கிட்டால் போடுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். லொறி ஹோர்ன் தோற்றுவிடும். "பாங்ங்!" என்று நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு வெடிப்பு. பள்ளத்தாக்கு முழுக்க அது உருண்டது. பிறகு கிளைகள் முறிய, கல் சரிய, மரை போய்விட்டது.

யோகன் கண்ணைத் திறந்தார். கைகளை மெல்லக் காதிலிருந்து எடுத்தார். உள்ளங்கைகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். கலியாணத்தன்று தாலி கட்டி முடித்தபோதுகூட அப்படி ஒரு ஆறுதலை நான் அந்த முகத்தில் கண்டதில்லை.

"இவ்வளவுதானே?" என்றார். "இதுக்கே நான் மூண்டு வருசமாப் பால் வாங்கினனான்?"

ஒரு காலால் நிலத்தை மிதித்துப் பார்த்தார்.

"நான் நிக்கிறன், பாரும்! ஓடேல்லை. அழேல்லை. தாங்கலாம் பவா. துவக்கு இருக்கட்டும்."

ஒரு பதினைந்து விநாடி இருக்கும். அந்தப் பதினைந்து விநாடியும் நான் உலகத்திலேயே பெரிய கள்ளி. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். துவக்கு எனக்கு. மரத்தடி எனக்கு. எழுதாத பக்கங்கள் எல்லாம் எனக்கு. அவருக்கும் சந்தோசம். யாருக்கு நட்டம்?

ஆனால் அவர் கண்ணில் நீர் நின்றது. இத்தனை வருடம் மற்றவர்கள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்த மனிசன் அவர். அவருக்கு நான் ஒரு பிழையான சத்தத்தைக் கொடுத்து ஏமாற்றுவதா?

"வெடிக்கேல்லையப்பா" என்றேன். "அது மரை."

"என்ன?"

"நீங்கள் கேட்டது மரை கத்தின சத்தம். துவக்கு வெடிக்கேல்லை."

வெளிச்சம் அணைந்தது. துவக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரை போன திசையைப் பார்த்தார். எண்ண வேண்டியதை எண்ணி முடித்து, போல்ட்டை இழுத்து, ரவையை வெளியே எடுத்து, தண்டையும் கழற்றிக் கையில் வைத்தேன். அது முழுக்க வெள்ளையாக இருந்தது. பிறந்தநாள் கேக்குக்கு ஐசிங் பூசினதுபோல.

யோகன் குனிந்து மணந்து பார்த்தார். இன்னொருதரம் மணந்தார்.

"பவா, இது எங்கட ஹீற்றரடிப் போத்தலெல்லே?"

"ஓம்."

"உமக்கென்ன விசரே? அது குளிருக்கு இறுகுமெண்டு உமக்குத் தெரியாதே?"

"தெரியும்."

அவருக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, உதவி செய்கிற உத்வேகத்தில், நான் தடுக்க முன்னமே பிளாஸ்கைத் திறந்தார். "சூடு காட்டினால் இளகுமெல்லே? இஞ்ச பிடியும்!" என்று அந்தத் தண்டின் மேல் ஆவி பறக்க ஊற்றினார்.

எண்ணெய் இளகியது உண்மை. ஆனால் யோகன் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர். ஐந்து நிமிடத்தில் எண்ணெயும் சீனியும் இஞ்சித் தும்பும் ஒன்றாகக் குளிர்ந்து, ஊசி இருந்த இடத்தில் எள்ளுருண்டைப் பாகு மாதிரி ஒன்று உருவாகியது. அதோடு என் துவக்கு, தோளில் கொழுவிக்கொண்டு போகிற ஒரு தடி.

இறங்கி வரும்போது கீச், கீச் என்று வந்தேன். பின்னால் லயர் பறவையும் கீச், கீச் என்று வழியனுப்பியது. காருக்குக் கிட்ட வந்ததும் கேட்டேன்.

"அப்ப என்ன செய்யிறது? விக்கிறதே?"

யோகன் கார்க் கதவில் சாய்ந்து, விசாரணை மண்டபத்தில் நிற்கிறவர் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"சத்தம் கேட்டால்தான் தீர்ப்பு எண்டது பேச்சு. சத்தம் கேக்கேல்லை. ஆனபடியால் வழக்கு ஒத்திவைப்பு."

"எத்தினை நாளைக்கு?"

"அதை அறிவிப்பினம்."

துவக்குத் திருத்துகிற கிழவர் போல்ட்டைத் திறந்து மூக்கருகே பிடித்து, "இதால் நீ சுடுகிறாயா, பொரிக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் தாரணி ஒரு வாரம் சிரித்தாள். இன்றைக்கும் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால், "இஸ் இற் லோடட்?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை வரும். யோகன் மரையாக நடிப்பார், நான் துவக்காகச் சூள் கொட்டுவேன்.

அதற்குப் பிறகு ஆறு மாரி போய்விட்டது. இரண்டு மரை விழுந்திருக்கிறது. இரண்டையும் கறி வைத்தது யோகன். இப்போது அவரும் என்னோடு வருவார். மரத்தடிக்கு அல்ல, கார் நிற்கிற இடம் வரைக்கும். காதில் பெரிய காதடைப்பான், அதற்கு மேல் கம்பளித் தொப்பி, கார்க் கண்ணாடி எல்லாம் ஏற்றி, ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு காருக்குள் இருப்பார். முதல் மரை விழுந்த அன்று நான் ஓடி வந்து கதவைத் திறந்தேன். அவருடைய காற்சட்டையிலும் இருக்கையிலும் தேத்தண்ணி சிந்திக் கிடந்தது. கடதாசியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டதே?" என்றேன்.

"எது?" என்றார், என் கண்ணைப் பார்க்காமல். "எனக்கொண்டும் கேக்கேல்லை. வழக்கு ஒத்திவைப்பு."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கிற மனிசன். எனக்காகச் சொன்ன ஒரேயொரு பொய்.

போன சனிக்கிழமையும் போனோம். புல்லெல்லாம் வெள்ளை. தோள்வாரை இழுத்து விட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, காதடைப்பானைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, பிளாஸ்கை நீட்டினார்.

"சீனி போடேல்லை. இறுகினால் தயங்காமல் ஊத்தும்."